வாட்டானந்தர்

சார்ஜர் கேட்டால் எடுத்துக் கொடுப்பவர் சாதாரண மனிதர். "என்ன போன்? பேட்டரி எத்தனை எம்ஏஹெச்? ராத்திரி போடுவீங்களா, பகல்லயா? பேக் கவர் எவ்வளவு தடிமன்?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசிவரை சார்ஜரைக் கொடுக்காதவர் வாட்டானந்தர்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆபீஸுக்கு ஒருவர், அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒருவர், கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டார் சார்பில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் சார்பில் ஒருவர் என்று நாடெங்கும் நிறைந்திருக்கிறார். ஒரு காலத்தில் பைக் மைலேஜை டைரியில் எழுதி வைத்தவர் இவர்தான். மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளை அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஞாபகப்படுத்தியவரும் இவர்தான். வயர்லெஸ் சார்ஜர் வந்தது; வயரைத் துறந்தார். துறந்தவருக்கு ஒரு தீட்சாநாமம் வேண்டாமா? வாட்டானந்தர் ஆனார்.

முழுத் துறவு என்று சொல்ல முடியாது. மேஜைமேல் ஐந்து சார்ஜிங் தட்டுகள் இருக்கும். ஐந்திலிருந்தும் ஐந்து வால்கள் தொங்கி, மேஜைக்கு அடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போய் முடியும்.

"வயர்லெஸ்னு சொன்னீங்களே, இதெல்லாம் என்ன சார்?"

"அது தட்டுக்குப் போற வயர் தம்பி. போனுக்கு வயர் கிடையாது" என்பார், கண்ணை மூடித் திறந்து. இதைக் கேட்டு வாயடைத்துப் போகாத தம்பி இன்னும் பிறக்கவில்லை.

பக்கத்தில் கருவிகள் இருக்கும். கேபிளுக்கும் அடாப்டருக்கும் நடுவே செருகி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகிறது என்று பார்க்கும் விரல் அளவு மீட்டர் ஒன்று. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்க வாங்கிய வெப்பமானி ஒன்று. அது இப்போது போனின் முதுகுக்கு நேரே நீட்டப்படுகிறது. கடைசியாக, மடிக்கணினியில் ஓர் எக்செல் அட்டவணை. அதில் மூன்று பத்திகள்: வேகம், விலை, வசதி. அவருடைய வாழ்வும் வாக்கும் அந்த மூன்று பத்திக்குள் அடக்கம்.

வேகத்தைப் பற்றி யாராவது கேட்டால் 1831-இல் தொடங்குவார். மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்சாரத்தை விட்டபோதும் நிறுத்தியபோதும் மற்றொன்றோடு இணைந்த முள் ஆடியது. இரண்டு சுருளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒன்றில் காந்தப்புலம் மாறினால் இன்னொன்றில் மின்சாரம் பிறக்கிறது. கேட்டவரின் போனில் இப்போது 6 சதவீதம்.

"அதே ரெண்டு சுருள்தான் சார். ஒண்ணு தட்டுக்குள்ள, ஒண்ணு உங்க போனுக்குள்ள." அங்கிருந்து நேரே 2008-க்குத் தாவி, வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் என்ற கூட்டமைப்பு தொடங்கியதைச் சொல்வார். அது வகுத்த க்யூஐ தரநிலை 5 வாட்டில் ஆரம்பித்து 15 வாட் வரை வளர்ந்த கதை அடுத்தது. 4 சதவீதம்.

2017-இல் ஐபோன் 8 இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. ஆனால் சாதாரணத் தட்டில் ஐபோன் 7.5 வாட்டோடு நின்றுகொள்ளும். 2020-இல் ஐபோன் 12 முதுகில் காந்த வளையத்தோடு வந்தது; அதுதான் மேக்சேஃப், 15 வாட். 2023-இல் அந்தக் காந்த ஏற்பாட்டையே அடித்தளமாக வைத்து க்யூஐ 2 வந்தது. இனி ஆண்ட்ராய்டுக்காரர்களும் காந்தத்தில் ஒட்டலாம். 2025-இல் அது 25 வாட் ஆனது. "இதுல உங்களுக்கு எது வேணும்?" என்று அவர் கேட்கும்போது எதிராளியின் போன் அணைந்து நெடுநேரம் ஆகியிருக்கும்.

ஆனால் மனிதர் சொல்வது பொய்யில்லை. அதுதான் அவரை ஒதுக்கவும் முடியாமல், உட்கார்ந்து கேட்கவும் முடியாமல் நம்மைத் தவிக்க வைக்கிறது. பெட்டியில் 15 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது, வரன் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளம் மாதிரி. எல்லாம் கூடிவந்தால், அதிகபட்சம், எப்போதாவது அவ்வளவு. தட்டின் சுருளும் போனின் சுருளும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினால் சக்தி வெப்பமாகக் கசியும். போன் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி நிறைய நிறைய இன்னும் குறையும். சித்திரை வெயிலில், மின்விசிறி சுடுகாற்றை இறைக்கும் அறையில், 15 வாட் தட்டு என்ன வேகத்தில் ஏற்றும் என்பதைப் பெட்டி சொல்லாது. நெற்றி வெப்பமானி சொல்லும்.

இந்தச் சோதனைக்கு வருகிறவர்களின் போன்தான் அவருக்குப் பெரிய சோதனை. நம் ஊரில் போனின் பேக் கவர் என்பது ஒரு சிறு பீரோ. பத்து ரூபாய் நோட்டு, ஏடிஎம் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எப்போதோ வாங்கிய பஸ் டிக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே கோயிலில் வாங்கிய முருகன் தகடு. சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இருக்கலாம் என்று விதி. தகடு என்றால் உலோகம். உலோகம் குறுக்கே வந்தால் சூடேறும். தட்டு அதைக் கண்டுபிடித்து, சிவப்பு விளக்கைச் சிமிட்டி, வேலையை நிறுத்தும்.

"நடுவுல அந்நியப் பொருள் இருக்கு சார், எடுத்துடுங்க."

"முருகன் அந்நியமா? நீங்க எந்த ஊரு?"

அன்றைய ஆய்வு அத்தோடு முடிந்தது. அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு நேரே 'உபயோகிப்பாளர் ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பு.

அடுத்தது விலை. இதற்காக அவர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு யாத்திரை போவார். வேறு ஊர்க்காரராக இருந்தால் சென்னையில் நடக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் முதல் ஆளாக வருவார். முகூர்த்தம் முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல் அண்ணா சாலைப் பக்கம் நழுவுவார்.

கடைக்காரர் ஒரு தட்டை எடுத்து வைத்து, "அறுநூறு. ஃபாஸ்ட் சார்ஜிங்" என்பார்.

"அடாப்டர் உள்ள இருக்கா?"

"அடாப்டர் தனி."

வாட்டானந்தர் புன்னகைப்பார். கண்ணுக்குத் தெரியாத அட்டவணையில் ஒரு கோடு விழும். இந்த ஒரு கேள்வியில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. சார்ஜிங் தட்டோடு அடாப்டர் பெரும்பாலும் வராது. 2020-க்குப் பிறகு பல போன்களோடும் வருவதில்லை. வீட்டு டிராயரில் கிடக்கும் பழைய 5 வாட் அடாப்டரில் 15 வாட் தட்டை மாட்டினால், பச்சை விளக்கு பளிச்சென்று எரியும். சார்ஜ் நத்தை வேகத்தில் ஏறும். 15 வாட் வேண்டுமென்றால் அதைவிடப் பெரிய அடாப்டர் வேண்டும். அதைத் தாங்கும் கேபிள் வேண்டும். தடித்த கவரை மாற்ற வேண்டும். காந்தத் தட்டென்றால் காந்தக் கவர் வேண்டும். அறுநூறு ரூபாய்த் தட்டு இரண்டாயிரத்தைத் தொட்டு நிற்கும்போது கடைக்காரர் டீ சொல்வார். போனில் சுருளே இல்லையென்றால் போனையும் மாற்ற வேண்டும். அப்போது டீயோடு பிஸ்கட்டும் வரும்.

இந்தச் செலவையெல்லாம் ஒரே வரியில் கடந்துவிட்டு, மின்சாரக் கணக்கில் பிடிவாதமாக உட்கார்ந்துவிடுவார். 5000 எம்ஏஹெச் பேட்டரி என்றால் சுமார் 19 வாட் மணி. வயரில் போட்டால் சேதாரம் குறைவு. தட்டில் வைத்தால் அதிகம். தினம் ஒருமுறை முழுசாக ஏற்றினால், வருஷத்துக்கு இரண்டு மூன்று யூனிட் வித்தியாசம் வரும் என்று பென்சிலால் போட்டுக் காட்டுவார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "நமக்குத்தான் கொஞ்சம் யூனிட் இலவசமாச்சே, அதுல போயிட்டுப் போகுது" என்பார். "இலவசம்னா வீணாக்கலாமா?" என்று வாட்டானந்தர் கொதிப்பார். பின்னணியில் ஐந்து தட்டுகளும், போன் எதுவும் இல்லாமல், இரவு பகலாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

வேகத்துக்கு வாட் இருக்கிறது. விலைக்கு ரூபாய் இருக்கிறது. மூன்றாவது பத்தியில்தான் அவர் தடுமாறுவார். வசதியை எதில் அளப்பது?

அளந்து பார்த்திருக்கிறார். பின்னைக் குத்த எத்தனை வினாடி, தட்டில் வைக்க எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தார். தட்டுக்குத்தான் வெற்றி. பிறகு, வைத்த போன் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் நேரத்தைச் சேர்த்தார். வயர் ஜெயித்தது. பாதி ராத்திரியில் குடும்ப வாட்ஸாப் குழுவில் குட்நைட் செய்திகள் வந்து குவிய, போன் அதிர்ந்து அதிர்ந்து ஒரு விரற்கடை நகர்ந்து, காலையில் 12 சதவீதத்தோடு கண் விழித்ததைச் சேர்த்தார். வயர் அமோகமாக ஜெயித்தது. காந்தத் தட்டில் இந்த நகர்வு கிடையாது. ஆனால் போனைக் கையில் தூக்கினால் தட்டும் கூடவே வரும். அதைப் பிய்த்தெடுக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கையை எந்தப் பத்தியில் போடுவது?

தட்டில் எங்கே வைத்தாலும் சார்ஜ் ஏறும் என்று ஏர்பவர் என்ற தட்டை ஆப்பிள் 2017 செப்டம்பரில் அறிவித்தது. 2019 மார்ச்சில், நினைத்த தரத்தில் செய்ய முடியவில்லை என்று கைவிட்டது. வாட்டானந்தர் அந்த மாதத்தை இன்னும் துக்கத்தோடுதான் குறிப்பிடுவார். "அவங்களாலயே முடியலன்னா..." என்று நிறுத்தி, மீதியை நம் பொறுப்பில் விட்டுவிடுவார்.

வீட்டில் மற்றவர்களுக்கு வசதி என்றால் வேறு அர்த்தம். மகளுக்குச் சார்ஜ் ஏறும்போதே படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்க வேண்டும். நீளமான வயர்தான் வசதி. தட்டில் வைத்த போனைக் கையிலெடுத்தால் சார்ஜ் நின்றுவிடுமே. மனைவிக்குச் சமையலறையில் போனை நிமிர்த்தி வைத்து ரெசிபி பார்க்க வேண்டும். ஸ்டாண்டு மாதிரி நிற்கும் தட்டுதான் வசதி, சார்ஜ் ஏறினால் லாபம். வீட்டுக்கு வரும் மைத்துனருக்குக் காபி டபராவை வைக்க ஓர் இடம் வேண்டும். வட்டமாக, ரப்பர் விளிம்போடு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அந்தத் தட்டைவிட வசதியான இடம் அவருக்குத் தெரிந்தவரை இல்லை. சிவப்பு விளக்கு சிமிட்டும். "என்ன மாப்ளே, இது லைட்டெல்லாம் போடுது?" என்று அவர் பாராட்டவும் செய்வார்.

இத்தனை பேரையும் தாண்டி அம்மா ஒருவர் இருக்கிறார். அம்மாக்களின் கையில் இருப்பது பெரும்பாலும் மகன் கழித்துப் போட்ட போன். ஒரு காலத்தில் விலை உயர்ந்த மாடல். அதனால் உள்ளே சுருளும் உண்டு. ஆனால் பின் குத்திக் குத்தித் துளை தளர்ந்துவிட்டது. வயரை ஒரு பக்கமாகச் சாய்த்து, கீழே மாத்திரை டப்பாவை முட்டுக் கொடுத்து, மூச்சு விடாமல் நகர்ந்தால்தான் சார்ஜ் ஏறும். கண்ணாடி இல்லாமல் பின்னின் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று அவருக்குத் தெரியாது. மகனைக் கூப்பிட்டால் ஃபாரடே வருவார்.

அட்டவணையில் ஐந்தாவது இடம் வாங்கிய 5 வாட் தட்டு ஒன்று மேஜையில் சும்மா கிடந்தது. வேகத்தில் கடைசி, சூட்டில் முதல், பார்க்கவும் லட்சணம் போதாது. அதை அம்மாவின் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்தார் வாட்டானந்தர். எப்படி ஏறுகிறது என்று விளக்க வாயெடுத்தார்.

"இண்டக்‌ஷன் அடுப்பு மாதிரிதானே?" என்றார் அம்மா.

வாட்டானந்தர் வாயடைத்தது அன்றுதான்.

அதன்பின் அம்மாவுக்குச் சார்ஜர் பிரச்சினை தீர்ந்தது. இரவு ஒன்பது மணிக்குக் கையால் தடவிப் பார்த்துத் தட்டின்மேல் போனை வைப்பார். காலை ஐந்து மணிக்கு எடுப்பார். நடுவில் எட்டு மணி நேரம் இருக்கிறது. 5 வாட் போதாதா? வாட்ஸாப் குழு அவரை உலுக்குவதில்லை, ஏனென்றால் போனை அணைத்துவிட்டுத்தான் வைப்பார். தளர்ந்த துளைக்கு வேலையே இல்லை. புதுப் போன் வாங்க வேண்டிய செலவும் தள்ளிப்போனது. இதெல்லாம் எந்தப் பத்தியில் வரும் என்று வாட்டானந்தர் இரண்டு நாள் யோசித்தார். யோசித்துவிட்டு அம்மாவிடமே வந்தார்.

"அம்மா, இந்தச் சார்ஜருக்கு வசதிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவே?"

"ராத்திரி வைக்கிறேன், காலையில எடுக்கிறேன். இதுல மார்க் போட என்னடா இருக்கு?"

"இல்லம்மா, ஒரு நம்பர் சொல்லேன்."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த மற்ற நான்கையும் பார்த்தார்.

"அது இருக்கட்டும். அந்த நாலு தட்டையும் எனக்குக் குடு. விருந்தாளி வந்தா டம்ளர் வைக்க ஆகும்."

"ஐயோ, எவர்சில்வர் டம்ளரை அதுல வைக்கக் கூடாதும்மா. 1831-ல ஃபாரடேன்னு ஒருத்தர்..." என்று ஆரம்பித்தார் வாட்டானந்தர்.