ஐஃபல் கோபுரமும் ஒரு யூரோ கடனும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மாமனாரையும் மாமியாரையும் நேற்று பத்திரமாக விமானம் ஏற்றிவிட்டேன். நாலே நாளில் தம்பி பாரிஸ் முழுக்கச் சுற்றிக் காட்டினான் என்று நீ அத்தானிடம் தாராளமாகப் பெருமை அடித்துக்கொள்ளலாம். யார் யாருக்குக் காட்டினார்கள் என்பதில் எனக்குத்தான் சந்தேகம்.

முதல் நாள் லூவர் அருங்காட்சியகம். நேராக மோனலிசா அறைக்குப் போனோம். 77 செ.மீ. உயரப் படம், அதற்கு முன்னால் திருவாரூர்த் தேர்க் கூட்டம். 1911இல் இந்தப் படம் திருட்டுப் போனபோது வெற்றுச் சுவரைப் பார்க்கவும் சனம் வந்ததாம். எங்களுக்குச் சுவர்கூடத் தெரியவில்லை. தூக்கிப் பிடித்த போன்கள்தான் தெரிந்தன. மாமாவை இழுத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணோம்!

அத்தை எங்கும் போகவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அங்கே சுமார் பத்து மீட்டர் அகலத்தில் கானாவூர்க் கல்யாண விருந்து. வெரோனேசே 1563இல் வரைந்தது. வெனிஸிலிருந்து நெப்போலியன் படை வெட்டி எடுத்து வந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதற்கு முதுகைத்தான் காட்டியிருக்கிறேன். அத்தையோ சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்போலக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். "பொண்ணு மாப்பிள்ளையை இப்படியா ஓரத்துல தள்ளுவாங்க? பந்தி நடக்கிற இடத்துல நாய் வேற!" திராட்சை ரசம் தீர்ந்துபோய், இயேசு தண்ணீரையே ரசமாக்கிய கதையைச் சொன்னேன். "நம்ம ஊர்ல கடைசிப் பந்திக்கு எல்லா சமையல்காரனும் அதைத்தானே செய்யறான்" என்றார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களுக்கு நான் ஏன் அப்படிச் சிரித்தேன் என்று புரிந்திருக்காது.

2019இல் தீப்பிடித்த நோத்ர்தாம் தேவாலயத்தை 2024 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். வரிசையின் நீளத்தைப் பார்த்து வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு, தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பேலுக்குத் தோசை தின்னப் போய்விட்டோம்.

ஐஃபல் கோபுரம்தான் என்னைக் கவிழ்த்தது. மாமா பொதுப்பணித் துறையில் இருந்தவர் என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. "1889 உலகக் கண்காட்சிக்காகக் கட்டினது மாமா. இருபது வருஷத்துல பிரிச்சிடறதாத்தான் ஏற்பாடு. உச்சியில கம்பியில்லாத் தந்தி வச்சதால தப்பிச்சது" என்று வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ரிவெட் வரிசையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பெயின்ட்?"

"ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை. 60 டன் ஆகுமாம்."

"எத்தனை கோட்டு? டெண்டர் யாருக்கு?"

என் படிப்பு அத்தோடு முடிந்தது. கோடை வெயிலில் இரும்பு விரிந்து உச்சி அரையடி வரை உயரும் என்றதும்தான் அவர் முகத்தில் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. அதுவும் கோபுரத்தின்மேல்தான்.

லிஃப்டுக்கு இரண்டு மணி நேர வரிசை. "படி எதுக்கு இருக்கு?" என்று மாமா ஏற ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் தளத்துக்கு 674 படி. அவருக்கு வயசு 71, எனக்கு 38. நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது யார் என்று அவரே வந்து சொல்லுவார்.

அத்தை கீழேயே புளியோதரைப் பைக்குக் காவல். பொழுது போகாமல், தரையில் துணி விரித்துக் குட்டிக் கோபுரம் விற்கிற ஒரு பையனிடம் பேரம் பேசியிருக்கிறார். அவர் தமிழில், அவன் விரலில். மூன்றில் ஆரம்பித்து ஒரு யூரோவுக்குப் படிந்ததாம். சுருக்குப் பையைத் திறக்கும்போது எங்கோ ஒரு விசில். துணியின் நாலு மூலையிலும் கயிறு கட்டி வைத்திருப்பார்கள் அக்கா. ஒரே இழுப்பில் கடை மூட்டையாகிவிடும். போலீஸ் வந்து சேருமுன் பையன் மறைந்துவிட்டான். அத்தை ஒரு கையில் கோபுரமும் மறு கையில் காசுமாக நிற்கிறார்.

நாங்கள் இறங்கி வந்த பிறகும் நகரமாட்டேன் என்றுவிட்டார். "பாவம், கடன் வச்சிட்டுப் போகக் கூடாது." முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மறுநாளும் போய்ப் பார்த்தோம். கடைசியில் விமான நிலையத்தில் அந்தக் காசை என் கையில் வைத்து அழுத்தி, "நெட்டையா, நீலச் சட்டை போட்டிருந்தான். பார்த்துக் குடுத்துடு" என்றார்.

இன்று வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். அங்கே நீலச் சட்டையில் நெட்டையாகப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். கோபுரத்தின் எந்தப் பக்கக் கால் என்று அத்தையிடம் கேட்டு எழுது.

அன்புத் தம்பி