முறை வெச்சு ஓடும் மூளை

பல்லடம் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய் மோட்டார் ரூம் கதவைத் திறந்து பாருங்கள். பழைய காலண்டர், ஒட்டடை, வாடகை தராத பல்லி. நடுவில் சுவரோடு ஒரு டப்பா, அதற்குள் ஒரு சிம் கார்டு. போனிலிருந்தே மோட்டாரைப் போடும் மொபைல் ஸ்டார்ட்டர்! 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் எலெக்ட்ரிக் மோட்டார் செய்தார்கள். அதைப் போட ஒரு ஆள் காட்டுக்குள் நடந்துபோக வேண்டியிருந்தது. இப்போது நடக்கவே வேண்டாம். சிக்னல் தேடி மொட்டை மாடி ஏறினால் போதும்.

டப்பாவுக்குள் இருக்கும் சிப் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். ஆனால் கவலைகள் ஏகப்பட்டவை. மூணு பேஸும் வந்துவிட்டதா, வோல்டேஜ் தேறுமா, கிணற்றில் தண்ணி இருக்கா, போனில் கூப்பிடுவது ஓனரா ராங் நம்பரா? இந்த மாதிரிச் சின்னப் போர்டுகள் இதற்குக் கையாளும் வழி நம் கூட்டுக்கிணறு வழிதான். ஒரு கிணறு, நாலு பங்காளி, ஆளுக்கு ஒரு முறை. முறை முடிந்தால் அவரவரே மடையைத் திருப்பிவிட வேண்டும். இதற்கு கோஆபரேட்டிவ் மல்டிடாஸ்கிங் என்று பெரிய பெயர். பெரியப்பா மடையைத் திருப்பாமல் வேப்பமரத்தடியில் கண் அசந்தால், சித்தப்பாவின் தென்னை காயும். கேள்வி கேட்க ஆளில்லை, ஏனென்றால் அவர் பெரியப்பா.

ப்ரீஎம்ப்டிவ் என்று இன்னொரு கட்சியும் உண்டு. யார் முறை, இன்னும் எத்தனை பாத்தி பாக்கி என்றெல்லாம் அது விசாரிக்காது, நேரமானால் பிடுங்கிக்கொள்ளும். மின்வாரியம் த்ரீ பேஸை நிறுத்துவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

"ஏனுங்க, இந்தப் பங்காளி சமாச்சாரத்தை நம்பி உசுரை யாராவது பணயம் வெப்பாங்களா?" என்கிறீர்களா? நாசா வைத்தது. அப்போலோ விண்கலக் கம்ப்யூட்டரின் எழுதி அழிக்கும் நினைவகம் மொத்தமே 2,048 வேர்டு, கிட்டத்தட்ட 4 கேபி. அதற்கு ஹால் லேனிங் என்ற எம்.ஐ.டி. மனிதர் வகுத்த ஏற்பாட்டில், ஒவ்வொரு வேலையும் ஓடிக்கொண்டே அடிக்கடி எட்டிப்பார்க்க வேண்டும்: என்னைவிட முக்கியமானவர் யாராவது காத்திருக்கிறாரா? ராக்கெட் விஞ்ஞானத்தின் உச்சியில் "நீங்க முதல்ல போங்க" பண்பாடு! அப்படி எட்டிப்பார்க்காமல் ஒரு வேலை அசந்துவிட்டால் தட்டி எழுப்ப ஒரு சர்க்யூட்டும் வைத்தார்கள். அதன் பெயரே நைட் வாட்ச்மேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவை நோக்கி இறங்குகிறார்கள். அந்த நேரத்துக்குத் தேவையே இல்லாத ஒரு ரேடார், கம்ப்யூட்டரின் நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தது. வேலைகள் குவிந்து இடம் பத்தாமல் 1202 என்று அலாரம் அடித்தது. மனிதகுலத்தின் மாபெரும் தருணத்தில் அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்தது? தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டது! உதவாத வேலைகளை உதறிவிட்டு, இறங்குவதற்கு வேண்டியதை மட்டும் தொடர்ந்தது. அப்படித்தான் நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதியிருந்தார்கள், அதுதான் மேதைமை. அதையே நம் டிவி மெக்கானிக் செய்தால் முந்நூறு ரூபாய் கொடுக்க முகம் சுளிக்கிறோம்.

நாசாவில் எல்லா புரோகிராமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், கண்டித்து வளர்க்கலாம். 1992-ல் பில் கேட்ஸின் விண்டோஸ் 3.1, முன்பின் தெரியாதவர்கள் எழுதிய புரோகிராம்களிடமெல்லாம் அதே நல்லெண்ணத்தை எதிர்பார்த்தது. ஒவ்வொன்றும் தன்னைப் பெரியப்பாவாகவே நினைத்துக்கொண்டது. உலகம் முழுக்க ஜனங்கள் மணல்கடிகாரத்தைப் பார்த்தபடி டீ குடித்தார்கள்.

ஆப்பிள் என்ன யோக்கியமா? பழைய மேக்கில் ஒரு மெனுவைத் திறந்து மவுஸ் பட்டனை அழுத்தியபடியே நின்றால் மற்ற புரோகிராம்கள் எல்லாம் கைகட்டி நிற்கும், நீங்கள் விரலை எடுக்கும்வரை. இந்த வெட்கத்தைத் துடைக்க கோப்லாண்ட் என்று ஒரு புதுச் சிஸ்டம் எழுதப் போய், 1996-ல் முடியாமல் கைவிட்டார்கள். அந்த டிசம்பரிலேயே, புதுச் சிஸ்டத்துக்காக, தாங்கள் ஓரங்கட்டி வெளியேற வைத்த ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனியை நாற்பது கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையை வரதட்சணையோடு திருப்பி அழைத்த முதல் கம்பெனி இதுவாகத்தான் இருக்கும்.

பெரியவர்கள் தலைமுழுகிய பழக்கம் சின்னவர்களிடம் தஞ்சம் புகுந்தது. 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் ஆர்டுயினோ போர்டு பிறந்தது. செய்தவர்கள் கூடிய மதுக்கடையின் பெயரை வைத்தார்கள். கடைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் ஆர்டுயின் என்ற ராஜா. 1002-ல் முடிசூடியவரை இரண்டே வருடத்தில் இரண்டாம் ஹென்றி படையோடு வந்து விரட்டினார், கடைசியில் ஆர்டுயின் மடத்தில் போய்ச் சேர்ந்தார். ப்ரீஎம்ப்டிவ் முறையில் பதவி போன மன்னரின் பேர் கோஆபரேட்டிவ் போர்டுக்கு!

ஆர்டுயினோ ஊனோவின் ராம் 2 கேபி, அப்போலோவில் பாதி. கோவை, ஈரோட்டு எஞ்சினியரிங் பிள்ளைகள் அதில் முதலில் எழுதுவது எல்.இ.டி.யைக் கண்சிமிட்ட வைக்கும் புரோகிராம். அதில் டிலே என்று ஒரு கட்டளை வரும். ஒரு விநாடி டிலே என்றால், நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு துடிக்கும் சிப் அவ்வளவு நேரமும் விட்டத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கும். பையன் கூடவே ஒரு பட்டனைச் சேர்ப்பான். அழுத்துவான், வேலை செய்யாது. உடனே தீர்ப்பு: "பட்டன் டூப்ளிகேட்டுங்க சார்."

சீனியர் வந்து ஞானோபதேசம் செய்வார்: டிலேயைத் தூக்கு, மில்லிஸ்ங்கற மில்லிசெகண்டு கணக்கைப் பார்த்து நேரம் ஆயிடுச்சான்னு கேளு, ஆகலைன்னா மடையை அடுத்தவனுக்குத் திருப்பு. ஸ்வீடனின் ஆடம் டங்கல்ஸ் 2005 வாக்கில் இதை வேறு கோணத்தில் பிடித்தார். அவருடைய புரோட்டோத்ரெட்டில், எந்த வரியில் விட்டோம் என்பதை நினைவு வைக்க ஒரு வேலைக்கு இரண்டு பைட் போதும். அதற்கு சி மொழியில் அவர் போட்ட குறுக்குவழியைப் பார்த்தால் அழுவதா கும்பிடுவதா என்று தெரியாது. இதையும் மீறித் தூங்குபவர்களை எழுப்ப சிப்புக்குள்ளேயே வாட்ச்டாக் டைமர் உண்டு. நிலாவுக்கு வாட்ச்மேன், நமக்கு நாய்.

அந்த மில்லிஸிலும் ஒரு குழி. 32 பிட்டில் மில்லிசெகண்டு எண்ணினால் 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்ஜியம். கணக்கைக் கவனமாக எழுதாவிட்டால் டைமர் குழம்பும். விண்டோஸ் 95-லும் இதே 49.7 நாள் கோளாறு இருந்தது. 1995-ல் வந்த சிஸ்டத்தில் அது வெளியே தெரிந்தது 1999-ல்தான். நடுவில் விழாமல் அத்தனை நாள் ஓடினால்தானே தெரிய! நம் தோட்டத்து டப்பாவுக்கு அந்தக் கண்டமே கிடையாது. 49 நாள் தொடர்ந்து கரண்ட் விடுகிற தப்பை நம்ம ஈ.பி. செய்யவே செய்யாதுங்க.