தெருவே பி.எட். முடிச்சாச்சு

ஏட்டி, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. நீ பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படிச்சதுல நம்ம தெருவே பி.எட். முடிச்சாச்சு. அடுத்த வீட்டு எருமைக்குக்கூட கச்ரு பேரு தெரியும். அந்த மனுசன் 1985-ல இங்கிலீசு உலகத்தை மூணு வட்டமாப் பிரிச்சாராமே? இங்கிலாந்தும் அமெரிக்காவும் உள்வட்டம், நாம வெளிவட்டம், சீனா ஜப்பானெல்லாம் விரிஞ்சிக்கிட்டே போற வட்டம். சரி, பொறவு ஏன் தாயி கண்ணாடி முன்னால நின்னு, நாக்கைப் பல்லிடுக்குல வச்சு, 'தேங்க் யூ'ன்னு புஸ்சு புஸ்சுன்னு ஊதுதே? ஒங்க பாட்டி பயந்துபோயி வேப்பிலை ஒடிக்கக் கெளம்பிட்டா.

ஜெனிபர் ஜென்கின்ஸ் அம்மா 2000-ல எழுதினதையும் நீதான வாசிச்சே? பல நாட்டுக்காரங்க இங்கிலீசுல பேசிக்கிடும்போது, நீ புஸ்சுன்னு ஊதுன எடத்துல நம்ம 'த' போட்டாலும் வெளங்கிருமாம். குறில் நெடில் மாறுனாத்தான் கோளாறு: ஷிப்புன்னா கப்பலு, ஷீப்புன்னா ஆடு. குறிலும் நெடிலும் நம்ம பிள்ளைக ஒண்ணாப்புலயே சேத்து வச்ச சொத்துல்லா! அதை விட்டுட்டு லண்டனுக்குக் கடன் கேக்கப் போறியே. நம்ம ஊருப் பய துபாய்க்குப் போனா பிலிப்பைன்ஸ்காரன்கிட்டயும் மலையாளத்தான்கிட்டயும் பேசப்போறான். லண்டன் ராசாவா வந்து வழி கேக்கப்போறாரு?

நாளைக்கு மாதிரி வகுப்பாமே. இருபத்திரெண்டு வயசுக் கழுதைகள்லாம் ஆறாப்புப் பிள்ளைகளா நடிக்கும். நீ கேள்வி கேப்பே, அதுக தெரிஞ்ச பதிலைத் தெரியாத மாதிரி யோசிச்சுச் சொல்லும். டிக்கெட்டு போட்டா நானும் வாரேன்.

என்.எஸ். பிரபுன்னு ஒரு வாத்தியாரு 1979-லருந்து அஞ்சு வருசம் பெங்களூரு, மெட்ராசுப் பள்ளிக்கூடங்கள்ல வேற மாதிரி செஞ்சாருன்னு படிச்சியே, அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் மொனங்கிட்டே வாசிச்சே? இலக்கணத்தை ஓரங்கட்டிட்டு ரயில் அட்டவணையைக் குடுத்து, எந்த வண்டி ஏறுனா நேரத்துக்குப் போய்ச் சேரலாம்னு பிள்ளைகளையே இங்கிலீசுல கண்டுபிடிக்கச் சொன்னாரு. செலவு என்ன, ஒரு தாளு. ஒங்க காலேசுல ரெக்கார்டு நோட்டு அழகுக்குல்லா மார்க்கு! ஸ்கெட்ச் பேனாவுக்கும் சார்ட்டுக்குமே எம் பென்சன் கரைஞ்சிட்டு.

நெசப் பள்ளிக்கூடத்துக்குப் போனா, நீ கொஞ்சமாப் பேசி, பிள்ளைகளை நெறையப் பேச விடு. ஒனக்குக் கஷ்டந்தான். வாயி பாட்டி வழி வந்தது.