அசையாமல் பசுமையாவது எப்படி?

தாப்பாவிலோ பேராக்கின் வேறெந்த ஊராட்சி மன்றத்திலோ புதிதாகக் கவுன்சிலர் ஆகியிருக்கிறீர்களா? வாழ்த்துகள். பதவியேற்ற கையோடு ‘பசுமைக் கொள்முதல்’ என்றொரு கோப்பு உங்கள் மேசைக்கு வரும். பதற வேண்டாம். எதையுமே மாற்றாமல் பசுமையாகிவிடலாம். அதற்குத்தான் இந்த யோசனைகள்.

முதலில் தைரியத்தை வரவழைத்துக்கொள்ளுங்கள். உங்களை யாரும் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கவில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக மூடிவிட்டது. நீங்கள் மாநில அரசு நியமித்து வந்தவர். குப்பைத் தொட்டி ஆறே மாதத்தில் ஏன் உடைந்தது என்று கேட்டு அடுத்த தேர்தலில் உங்களைத் தோற்கடிக்க ஒருவராலும் முடியாது.

அடுத்தது விழா. புத்ராஜெயாவின் பசுமைக் கொள்முதல் வழிகாட்டி 2014இல் வந்தபோது தாள், கணினி, விளக்கு, சாயம், துப்புரவுச் சேவை என்று சப்பென்ற பொருள்களாகத்தான் பட்டியல் போட்டது. இவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள முடியுமா? ஆகவே ஊர் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் ஒன்று வையுங்கள். எல்லாருக்கும் பச்சை நிறப் பாலியெஸ்டர் டி-சட்டை, சாலையோரம் பந்திங், வருகிறவர் கையில் ‘நெகிழியைத் தவிர்ப்போம்’ என்று அச்சடித்த பை. அந்தப் பை பெரும்பாலும் நெய்யாத பாலிபுரொப்பிலீன், அதாவது நெகிழியேதான். தொட்டால் துணி மாதிரி இருக்கிறதல்லவா, போதும்.

இனி கைத்தேர்ச்சி வேண்டிய இடம்: விவரக்குறிப்பு. எந்தக் கொள்முதலும் விலைப்புள்ளியைத் திறக்கும் நாளில் முடிவாவதில்லை. என்ன வேண்டும் என்று எழுதும் நாளிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. அதனால் அந்தத் தாளைப் புதிதாக எழுத விடாதீர்கள். போன வருடத்துத் தாளை எடுத்து வருடத்தை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். கடைசியில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக இருந்தால் நலம்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். கட்டாயம் என்று எழுதிவிட்டீர்களோ, பசுமைப் பொருள்களுக்குத் தரும் மைஹிஜாவ் முத்திரை எங்கே என்று யாராவது கேட்பார்கள். முத்திரை பெற்ற பொருள்களின் பட்டியல் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது. பிறகு வழக்கமாகச் சரக்கு போடுகிறவரின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆயுட்காலச் செலவு என்று இளம் அதிகாரி ஒருவர் பேச்செடுப்பார். மலிவான விளக்கு மின்சாரத்தைத் தின்னும், சீக்கிரம் போய்விடும், ஏணி வைத்து மாற்றக் கூலி வேறு என்று கணக்குப் போட்டுக் காட்டுவார். கணக்கு சரிதான். விளக்கு வாங்கும் ஒதுக்கீடு வேறு, மின்கட்டண ஒதுக்கீடு வேறு, இரண்டையும் கூட்டிப் பார்ப்பது யார் வேலை என்று கேளுங்கள். யார் வேலையும் இல்லை. அடுத்த அம்சத்துக்குப் போய்விடலாம்.

குப்பை விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தைப் பேராக் ஏற்கவில்லை. ஜொகூர், கெடா போலக் கூட்டரசு இங்கே குப்பைப் பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டி, லாரி, துப்புரவுக் குத்தகை எல்லாம் மன்றத்தின் தலையில். எதை வாங்குவது என்கிற அதிகாரமும் அதோடு சேர்ந்து உங்களிடமே இருக்கிறது. இதை வெளியே சொல்லிக்கொள்ளாதீர்கள். ‘மேலிடத்து உத்தரவு வரவில்லை’ என்பதுதான் பாதுகாப்பு.

உண்மையான ஆபத்து சாலையில் காத்திருக்கிறது. கோப்பையில் உறைந்த கட்டிப்பாலைத் தாரில் கலந்து சாலை போடும் முறையை மலேசிய ரப்பர் வாரியம் உருவாக்கி வைத்திருக்கிறது. துறைமுக, தொழிற்பேட்டைச் சாலைகளில் இதைப் பயன்படுத்த 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 10 கோடி ரிங்கிட் ஒதுக்கினார்கள். போடும்போது செலவு கூடுதல்தான். சாலை கூடுதல் காலம் உழைக்க வேண்டும், சிறுதோட்டக்காரரின் பாலுக்கு உள்நாட்டிலேயே கிராக்கி வர வேண்டும் என்பது நோக்கம். தாரில் வேறு பொருளைக் கலப்பது இங்கே மட்டும் நடப்பதும் அல்ல: மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் குப்பை நெகிழியைத் தாரோடு சேர்த்துச் சாலை போட்டுக் காட்டி 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். பாட்டியும் தாத்தாவும் பால்மரம் சீவிய ஊரில் இந்த மாதிரி யோசனை யாருக்கும் சட்டென்று பிடித்துவிடும். பிடிப்பதற்குள் ‘முன்னோடித் திட்டம்’ என்று அறிவித்து, 100 மீட்டர் போட்டு, பெரிய பலகை நட்டு, ஐந்து வருட ஆய்வுக்கு அனுப்பிவிடுங்கள்.

இலக்கு இருக்கிறதே என்பீர்கள். அரசு வாங்கும் தேர்ந்தெடுத்த பொருள்களில் 20 விழுக்காடு 2020க்குள் பசுமையாக வேண்டும் என்றது பதினோராவது மலேசியத் திட்டம். 2025க்குள் 25 என்றது பன்னிரண்டாவது. இலக்கே இப்படிக் காற்று வாங்கிக்கொண்டு நடக்கும்போது நீங்கள் மட்டும் ஏன் ஓட வேண்டும்?

ஒரே ஓர் ஓட்டை உண்டு. உங்களை வாக்காளரிடமிருந்து காப்பாற்றிய அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. தீர்மானம் போட்டால்தான் அவர்களை வெளியே அனுப்ப முடியும். தாப்பாக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து, தெருவிளக்குக்கு எழுதிய விவரக்குறிப்பைக் காட்டுங்கள் என்று கேட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் என்னிடம் யோசனை இல்லை. வாசகரே, அடுத்த கூட்டம் எந்தத் தேதியில் என்று மன்ற அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.