ஆக்சஸும் ஒரு மச்சானும்

கேள்வி: கன்டெய்னர் கணக்கு ஆக்சஸில் இருக்கிறது. நாலு பேர் திறந்தால் திணறுகிறது. டேட்டாவை மட்டும் தனி மைஎஸ்க்யூஎல் சர்வருக்கு மாற்றலாமா?
- ஷிப்பிங் அலுவலக ஊழியர், தூத்துக்குடி

பதில்: தாராளமாக! ஆக்சஸின் 2 ஜிபி வரம்புத் தொல்லையும் தீரும். உங்கள் ஊரில் 1961 வரை முத்துக் குளித்தவர்கள், மச்சான் கயிறு பிடித்தால்தான் நம்பிக் கடலில் இறங்குவார்கள் என்பார்கள். ஆக்சஸை சர்வரோடு இணைத்துப் பிடிக்கும் அந்த மச்சான், ஓடிபிசி டிரைவர். ஆக்சஸ் 32 பிட் என்றால் டிரைவரும் 32 பிட்டாக இருக்கவேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். டேபிள்களை 'லிங்க்' செய்யுங்கள். 'இம்போர்ட்' செய்தால் அன்றைய நகல்தான் மிஞ்சும். பிரைமரி கீ இல்லாத டேபிளைப் பார்க்கலாம், திருத்த முடியாது. முக்கியமாக, சர்வரின் 3306 போர்ட்டை உங்கள் அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.