மெயில் ஐடி உள்ளவர்களுக்கு மட்டும்

எங்கள் ஓ.எம்.ஆர். ஆபீசில் 'வெல்னெஸ் சாம்பியன்' ஒருவர் தேவைப்பட்டார். மீட்டிங்கில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவன் தலையில்தான் இந்த மாதிரிப் பதவிகள் விழும். என் தொப்பையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கொஞ்சம் வலித்தது.

பதவியேற்றதும் தினம் 10,000 ஸ்டெப் சேலஞ்ச் அறிவித்தேன். ஏன் பத்தாயிரம் என்று ஒரு பொடியன் கேட்டான். "டபிள்யூ.எச்.ஓ. கணக்குப்பா" என்று அடித்துவிட்டேன். அது 1965இல் ஜப்பானில் பீடோமீட்டர் விற்கக் கிளப்பிவிட்ட எண் என்று பிறகுதான் படித்தேன். அதற்குள் டி-ஷர்ட்டில் அச்சடித்தாகிவிட்டது.

அடுத்து, காலை ஏழு மணிக்கு ஜூம் யோகா. குக்கர் விசிலும் ஸ்கூல் வேன் ஹாரனும் உச்சத்தில் இருக்கும் நேரம். பெண்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "லேடீஸுக்கு ஹெல்த்துல அக்கறையே இல்ல" என்று வீட்டில் வந்து சொன்னேன். மறுநாள் டிபன் பாக்ஸை நானே கட்டிக்கொண்டேன்.

'உட்கார்ந்தே இருப்பது ஆபத்து' என்று தமிழில் ஒரு போஸ்டர் அடித்து, வாசலில் செக்யூரிட்டி அண்ணன் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் ஒட்டினேன். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர் திரும்பிப் படித்தார். "எனக்கு அந்த ஆபத்து இல்ல சார்." நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அந்தச் சட்டத்துக்கு நான் போஸ்டர் அடிக்கவில்லை.

அடுத்து மெடிக்கல் கேம்ப். அதற்கான போஸ்டரை ஒட்டிக் கொடுத்தது ஹவுஸ்கீப்பிங் அக்கா.

"இலவசமா சுகர், பிரஷர் பாக்கறாங்களா சார்? எங்களுக்குமா?"

"மெயில் வந்த எல்லாருக்கும்க்கா."

"எனக்கு வாட்ஸப்புதான் சார் இருக்கு."

மெயில் லிஸ்ட்டைப் பார்த்தேன். கான்ட்ராக்ட் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. மூன்று மாடியையும் துடைக்கிற அந்த அக்காவை ஸ்டெப் சேலஞ்சில் சேர்த்திருந்தால் நாங்கள் எல்லோரும் முதல் நாளே தோற்றிருப்போம். நல்லவேளை, சேர்க்கவில்லை.

அக்காவுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு உள்ளது, சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். "போய்க் காட்டணும்னா லீவு போடணும் சார். போட்டா அன்னிக்குச் சம்பளம் இல்ல" என்றார். எனக்கு ஜிம் ஃபீஸையே கம்பெனி திருப்பித் தருகிறது. ஜிம்முக்கு நான் போவதில்லை என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகம் 2016இல் தன் ஊழியர்களிடமே இப்படி ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தது. வந்து சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட ஏற்கெனவே ஆரோக்கியமான பழக்கங்கள் உள்ளவர்கள், வைத்தியச் செலவும் குறைவாக உள்ளவர்கள். எங்கள் ஆபீசிலும் கேம்ப் வரிசையில் முதலில் நின்றது மாரத்தான் ஓடுகிற மேனேஜர்தான். அவருக்குப் பின்னால் நான், வடைக்காக.

சரி, கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்க்கலாமே என்று எச்.ஆரிடம் கேட்டேன். "அவங்க வெண்டார் ஆளுங்க, வெண்டாரைக் கேளுங்க" என்றார்கள். வெண்டாரின் சூப்பர்வைசர் கீழ்த்தளத்தில் இருக்கிறார். "இடம் கம்பெனியோடது சார், எச்.ஆரைக் கேளுங்க" என்றார். மேலும் கீழுமாக இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன். லீடர்போர்டில் இப்போது நான்தான் முதலிடம்.