'நான் ஒண்ணும் பண்ணலை' என்னும் வாக்கியத்தின் பிரமாண விசாரம்

கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்ட வீட்டுக்கோ ஆபீசுக்கோ சென்று, என்ன நடந்தது என்று விசாரிப்பவர் எவருக்கும், வயது, படிப்பு, உத்தியோகம் என்ற பேதங்கள் ஏதுமின்றி ஒரே விடைதான் கிடைக்கிறது: "நான் ஒண்ணும் பண்ணலை, அதுவா வந்துடுச்சு." மூன்று மதாசாரியர்களுக்கும் வாய்க்காத இந்த ஏகாபிப்பிராயம் எவ்வாறு சித்தித்தது என்பதையும், அவ்வாக்கியம் சத்தியமா அசத்தியமா என்பதையும் நமது வித்வான்கள் முறைப்படி பரிசீலிக்காமல் விட்டிருப்பது பெருங்குறையாதலால், அதை நிவர்த்திக்கும் உத்தேசத்துடன் இச்சிறு விசாரம் தொடங்கப்படுகிறது.

முதலில் பூர்வபட்சம். பழுது பார்க்க வரும் இளைஞர்கள் அனைவரும் இவ்வாக்கியத்தை அசத்தியம் என்றே சாதிப்பார்கள். "கண்ட இடத்துல கிளிக் பண்ணியிருப்பீங்க சார்" என்பது அவர்களுடைய சூத்திரம். கர்த்தா இன்றிக் காரியம் இல்லை என்னும் இக்கொள்கைக்குச் சரித்திரத்திலும் ஆதரவு உண்டு. 1986-இல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை நடத்திய சகோதரர் இருவர் 'பிரெய்ன்' என்ற வைரஸை இயற்றி, அதற்குள்ளேயே தம் பெயரையும் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவைத்த கண்ணியவான்கள். ஆயினும் அவர்களுடைய சிருஷ்டிகூட, யாரேனும் ஒருவர் பிளாப்பியைச் செருகினாலன்றி ஓரடியும் நகராது. 2000-ஆம் ஆண்டு மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி, காதல் கடித வேஷத்தில் உலகைச் சுற்றிய வைரஸும் அப்படியே. அதைப் பிரித்தவர்களில் பொறுப்பு மிக்க அதிகாரிகள் பலர் இருந்தார்கள். தமக்கு அத்தகைய கடிதம் வருவது ஒருவகையில் நியாயமே என்று கருதாதவர் யார்?

இனிச் சித்தாந்தம். பூர்வபட்சத்தார் மறந்துவிட்ட ஒரு வஸ்து 'ஆட்டோரன்'. விண்டோஸ் 95 வெளிவந்தபோது, சி.டி.யைச் செருகியதும் அதிலுள்ள புரோகிராம் தானே இயங்கினால் ஒன்றும் அறியாதவர்களுக்கு உபகாரமாயிருக்குமே என்ற ஜீவகாருண்யத்தினால் ஏற்படுத்தப்பட்ட வசதி அது. பென்டிரைவ் பிரசித்தி பெற்ற காலத்தில் வைரஸ்கள் அவ்வுபகாரத்தைத் தமதாக்கிக்கொண்டன. டிரைவுக்குள் ஆட்டோரன் கோப்பு ஒன்று ஒளிந்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க உடையவர் டிரைவின் மேல் இருமுறை தட்டியவுடன், முதலில் வைரஸை ஓடவிட்டு, அதன்பின் சந்தேகத்துக்கு இடமில்லாமல் டிரைவையும் திறந்து காட்டிவிடும். அந்த மனிதர் தம் சொந்தப் பொருளைத் திறந்து பார்த்ததைத் தவிர வேறு என்ன செய்தார்? விண்டோஸ் 7 வெளியான 2009-இல் பென்டிரைவுக்கு இவ்வசதி மறுக்கப்பட்டது. பழைய விண்டோஸ்களுக்கும் 2011 பிப்ரவரியில் அம்மறுப்பு வந்து சேர்ந்தது. ஆகவே அதுவரை பென்டிரைவைக் குறித்து உச்சரிக்கப்பட்ட நம் வாக்கியம் பெரும்பாலும் அக்ஷர சுத்தமான சத்தியம் என்பது பெறப்படுகிறது.

பிறர் டிரைவைச் செருகுவானேன் என்று ஆட்சேபிப்பார்க்கு, இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சியாளர் 297 டிரைவ்களை வேண்டுமென்றே ஆங்காங்கே போட்டுவைத்த கதையைச் சொல்லலாம். 2016-இல் வெளியான முடிவுகளின்படி, அவற்றில் 45 சதவீதத்துக்குக் குறையாதவற்றை எடுத்தவர்கள் உள்ளிருந்த கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிட்டார்கள். காரணம் கேட்டபோது பெரும்பாலோர் சொன்ன பதில், உரியவரைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்காக என்பது. தர்மசிந்தையே தொற்றுக்கு ஹேதுவாகும்போது யாரை நோவது?

நம் பக்கத்தில் இவ்விசாரத்துக்குரிய க்ஷேத்திரம் கல்லூரி வாசலிலுள்ள ஜெராக்ஸ் கடை. புராஜெக்ட் ரிப்போர்ட் சமர்ப்பிக்கும் பருவத்தில் ஊர்ப் பென்டிரைவ்கள் எல்லாம் ஒரே துவாரத்தில் நுழைந்து மீளுமாதலால், அங்கே நிகழ்ந்த வாதங்கள் எந்தத் தர்க்க சபைக்கும் இளைத்தவையல்ல. "தம்பி, உன் பென்டிரைவுல வைரஸ் இருக்கு, என் சிஸ்டத்தைக் கெடுத்துடாதே" என்பார் கடைக்காரர். "அண்ணே, போன வாரம் உங்க கடையில போட்டதிலேர்ந்துதான் இப்படி இருக்கு" என்பான் பையன். விதை முந்தியா முளை முந்தியா என்னும் பீஜாங்குர நியாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான திருஷ்டாந்தம் நான் கண்டதில்லை.

ஆட்டோரன் வழி அடைபட்டபின் 'ஷார்ட்கட்' வைரஸ்களுக்கு யோகம் அடித்தது. இவை உண்மையான ஃபோல்டர்களைக் கண்ணுக்குப் புலப்படாமல் மறைத்துவிட்டு, அதே பெயர்களில் ஷார்ட்கட்களை நிறுத்திவைக்கும். தட்டினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். "ஃபோல்டரைத்தான் திறந்தேன்" என்பது இக்கட்டத்தில் அர்த்தசத்தியம். சில சமயம் ஷார்ட்கட்டும் அழிக்கப்பட்டு, இடமெல்லாம் நிரம்பியிருப்பதாக அளவு காட்டும் டிரைவைத் திறந்தால் ஒன்றுமே இராது. மாயாவாதிகள் இந்த யுகத்தில் பிறவாமல் போனது துரதிருஷ்டம். கமாண்ட் பிராம்ப்டில் 'அட்ரிப்' என்று தொடங்கும் ஒற்றை வரியைத் தட்டினால் எல்லாம் மீண்டும் காட்சி தரும் என்பதை அறியாமல், "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்" என்ற சர்வரோக நிவாரணியைப் பிரயோகித்து, எத்தனையோ கல்யாணப் புகைப்படங்களைப் பரலோகம் அனுப்பியிருக்கிறார்கள். அந்நாட்களில் வைரஸ் அழித்ததைவிட வைத்தியம் அழித்ததே அதிகம் என்பது என் துணிபு.

இன்று ஜெராக்ஸ் கடைக்காரர் பென்டிரைவைத் தொடுவதில்லை. "வாட்ஸ்அப்புல அனுப்பிடுங்க" என்கிறார். வைரஸும் அவ்வழியே வந்துவிட்டது, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பாக. ஆண்ட்ராய்டு போனோ, அறியாத இடத்து ஆப்பை நிறுவலாமா என்று அனுமதி கேட்காமல் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. எனவே இங்கே நம் வாக்கியம் நிலைக்காது என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அனுமதி கொடுத்தீர்களா என்று ஒரு பெரியவரை விசாரித்தபோது, "நான் எங்கே சார் கொடுத்தேன்? அது கேட்டுது, ஓ.கே. கொடுத்தேன்" என்றார். இதில் பின்வாக்கியம் முன்வாக்கியத்தை மறுக்கிறதா, அல்லது அதற்கு வியாக்கியானமாக அமைகிறதா என்பதைத் தர்க்க சாஸ்திரிகள்தாம் சபை கூட்டித் தீர்மானிக்க வேண்டும்.